திரையும் கணக்கும்

கணிப்பொறி என்றதும் வண்ணப் படங்களும் சுட்டெலியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லினக்ஸ் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திப்பது எழுத்துகள் மட்டுமே தோன்றும் கருந்திரையைத்தான். இதனை முனையம் என்பர். வழக்கமான முனையத்தில் 24 வரிகள். வரிக்கு 80 கட்டங்கள். ஆக மொத்தம் 1920 கட்டங்கள்; கட்டத்துக்கு ஓர் எழுத்து. இத்திரையில் ஒரு நிரல் இயங்கும்போது, இடையில் வேறொரு வேலைக்குத் திரையை விட்டுக்கொடுத்து, பின்னர் பழைய காட்சியை அப்படியே கொண்டுவருவது எவ்வாறு? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பணிக்கு உதவுவது ‘கர்சஸ்’ என்னும் நிரல் நூலகம். தஞ்சையில் நூலகம் என்றால் சரசுவதி மகாலே கண்முன் நிற்கும். நிரல் எழுதுவோர் கூறும் நூலகமோ, முன்பே எழுதிச் சோதித்து வைக்கப்பட்ட சிறு நிரல்களின் தொகுப்பு. வேண்டியதை வேண்டும்போது பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளலாம். 1980-ஆம் ஆண்டையொட்டிக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கென் ஆர்னால்டு இதனை உருவாக்கினார். பில் ஜாய் எழுதிய ‘வி.ஐ.’ என்னும் நிரலில் கர்சரை நகர்த்தும் பகுதி இதற்கு அடிப்படையாயிற்று. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்துவது, இதனையொட்டிப் புதிதாக எழுதப்பட்டு 1993-இல் வெளிவந்த ‘என்கர்சஸ்’ ஆகும்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். நிரலிலிருந்து முனையத்துக்கு எழுத்துகள் போகும். ஆனால் ‘உன் திரையில் இப்போது என்ன இருக்கிறது?’ என்று முனையத்தைக் கேட்டறியப் பொதுவான வழி கிடையாது. மதகு வழியே வயலுக்குப் பாயும் நீரைப் போல இது ஒருவழிப் போக்கு. ஆகவே கர்சஸ், தான் அனுப்பியதையெல்லாம் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. திரையில் இப்போது இருப்பது ஒரு குறிப்பேடு. இனி இருக்க வேண்டியது மற்றொரு குறிப்பேடு. ‘ரெஃப்ரெஷ்’ என்று ஆணையிட்டதும் இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்புகிறது. காட்சியை மீட்பதற்கும் இக்குறிப்பேடுகளே முதல்.

எங்கள் வீட்டு நெல் கணக்குக்காக நான் எழுதிய சிறு நிரலை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். குறுவை, சம்பா, தாளடி ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி உண்டு. எந்த வயலில் எத்தனை மூட்டை, நடவுக் கூலி எவ்வளவு, அறுவடை இயந்திர வாடகை எவ்வளவு என்று நிரப்பிக்கொண்டே வரவேண்டும். பாதியில் சென்ற ஆண்டுக் கோப்பைப் பார்க்க வேண்டியிருந்தால், நிரல் ‘டெஃப்-பிராக்-மோட்’ மூலம் முனையத்தின் தற்போதைய அமைப்பைக் குறித்துக்கொள்கிறது. ‘எண்ட்வின்’ மூலம் திரையை ஒப்படைக்கிறது. நான் கோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும், ‘ரீசெட்-பிராக்-மோட்’ அமைப்பை மீட்கிறது. ‘ரெஃப்ரெஷ்’ குறிப்பேட்டிலிருந்து காட்சியை மறுபடி வரைகிறது. திரையை முறையாக ஒப்படைக்காமல் ஒரு நிரல் நின்றுவிட்டால், பிறகு நாம் அடிக்கும் கட்டளை கண்ணுக்குத் தெரியாமலே போவதும் உண்டு.

அப்படியானால் நிரல் தொடங்குமுன் திரையில் இருந்த எழுத்துகளை மீட்பவர் யார்? அவை கர்சஸ் எழுதியவை அல்ல. அதன் குறிப்பேட்டிலும் இல்லை. ‘எக்ஸ்டெர்ம்’ போன்ற முனையங்கள் தம்முள் இரண்டு திரைகளை வைத்திருக்கின்றன. தொடக்கத்தில் ஒரு குறியீட்டை அனுப்பினால் மாற்றுத் திரை வரும். முடிவில் மற்றொன்றை அனுப்பினால் பழைய திரை திரும்பும். எந்த முனையத்துக்கு எந்தக் குறியீடு என்பதை ‘டெர்மின்ஃபோ’ என்னும் தொகுப்பு கூறும். இவ்வசதி இல்லாத முனையத்தில் பழைய காட்சி அழிந்தது அழிந்ததுதான்.

ஒரு காட்சியின் மேல் சிறு சாளரம் ஒன்றைத் திறந்து மூடுவது இதைவிட எளிது. பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தினர். எத்துணை அரிய பணி! கர்சஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனிக் குறிப்பேடு இருப்பதால் இச்சிரமம் இல்லை. மேல் சாளரத்தை நீக்கிவிட்டு, அடிச் சாளரத்தை ‘டச்வின்’ என்று தொட்டுப் புதுப்பித்தால் அடியிலிருந்த காட்சி முழுமையாக வெளிப்படும்.

ஆனால் இக்குறிப்பேடுகள் நினைவகத்தில் இருப்பவை. மின்சாரம் போனால் அவையும் போகும். மின்தடை நம் ஊர்களுக்குப் புதிதன்று. அதற்காகவே ‘எஸ்சிஆர்-டம்ப்’ என்ற ஆணை திரைக்காட்சியை ஒரு கோப்பாக எழுதி வைக்கிறது. ‘எஸ்சிஆர்-ரெஸ்டோர்’ அக்கோப்பைப் படித்து, அடுத்த புதுப்பித்தலின்போது காட்சியைக் கொண்டுவருகிறது. ஒரு சாளரம் மட்டும் போதுமெனில் ‘புட்வின்’, ‘கெட்வின்’ உள்ளன. ஒருவகைக் கர்சஸ் எழுதிய கோப்பை வேறுவகைக் கர்சஸ் படிக்கும் என்ற உறுதி இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. அக்கோப்பில் இருப்பது காட்சி, கணக்கன்று. மின்சாரம் திரும்பியதும் ‘சம்பா 52 மூட்டை’ என்று திரையில் பழையபடி தோன்றும். பார்ப்பவர் கணக்குப் பத்திரமாக இருப்பதாகவே எண்ணுவார். ஆனால் புதிதாகத் தொடங்கிய நிரலின் உள்ளே மூட்டை எண்ணிக்கை சுழியமாகவே இருக்கும். மேலும் 10 மூட்டை சேர்த்து மொத்தம் கேட்டால் 62 வராது. 10 என்றே விடை வரும். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. அப்படியானால் 2080 கிலோ நெல் கணக்கிலிருந்து மறைந்துவிடும்! கூட்டுறவுச் சங்கக் கடனையும் கூலி பாக்கியையும் அந்த நெல்லை நம்பியே அடைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய பிழையா?

எனவே என் நிரலில் ஒவ்வொரு வரி நிரம்பியதும் எண்களைத் தனிக் கோப்பில் எழுதச் செய்திருக்கிறேன். மீண்டும் தொடங்கும்போது நிரல் முதலில் அவ்வெண்களைப் படிக்கிறது. பிறகு அவற்றைக் கொண்டு திரையை வரைகிறது. கணக்கு இருந்தால் காட்சியை எப்போதும் வரைந்துகொள்ளலாம். காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கை மீட்பது அரிது.

ஆகவே, செய்முறைத் திட்டம் எழுதும் நண்பர்கள் தம் நிரலிடம் இரண்டு கேள்விகள் கேட்பது நலம். வேலை முடிந்தபின் முனையத்தை வந்த நிலையிலேயே விட்டுச் செல்கிறாயா? நடுவில் மின்சாரம் போனால் உன்னிடம் மிஞ்சுவது படமா, கணக்கா?