ஓய்வும் பாடும்: பழவேற்காட்டு நீரில் ஒரு நாள்

கடலை நாடிச் செல்வோர் இரு வகையினர். உழைக்கச் செல்வோர் ஒரு வகை. இளைப்பாறச் செல்வோர் மற்றொரு வகை. முன்னவர்க்குக் கடல் விளைநிலம். பின்னவர்க்கு அது காட்சி. இவ்விருவரும் ஒரே நீரில் சந்திக்கும்போது எவர் எவருக்குச் செவிசாய்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். இத்தகைய பயணங்களில் எத்துறையையும் தொடாது நடுக்கடலில் கழியும் நாள் ஒன்று உண்டு. அன்று பயணிக்கு வேலை ஏதுமில்லை. அலையைப் பார்ப்பதும், உண்பதும், உறங்குவதும், உறவினரோடு அளவளாவுவதுமே அவர் அலுவல். ஆயினும் அதே நேரத்தில் எஞ்சின் அறையிலும் சமையற்கூடத்திலும் சுக்கான் அருகிலும் பலர் கண்ணுறங்காது உழைக்கின்றனர். நீர்மேல் ஒருவர் பெறும் ஓய்வு, நீரை அறிந்த பிறரின் உழைப்பில் மிதப்பதே.

இவ்வுண்மையைக் கண்ணாரக் காண விரும்புவோர்க்குக் கப்பல் தேவையில்லை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலுள்ள பழவேற்காடு போதும்.

மரக்கலமும் மரக்காயரும்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் கழி பழவேற்காடு. ஏரி என வழங்கினும் இது கடலோடு மூச்சுவிடும் நீர்நிலை. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் இதற்கும் வங்கக் கடலுக்கும் இடையே அரணாக நிற்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு.

1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்தம் வணிகத்தின் தலைமையிடம் இதுவே. அவர்களுக்கு முன்பே கடல் வணிகத்தில் தழைத்த முஸ்லிம்கள் இவ்வூரில் வாழ்ந்தனர். மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு பொருத்துவோரும், கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லோடு பொருத்துவோரும் உளர். எவ்வாறாயினும் அப்பெயரில் கடல் இருக்கிறது. மலாய் மக்கள் கைலியை இன்றும் 'காயின் பெலிகாட்' என்றே அழைக்கின்றனர். இவ்வூரின் பெயர் துணியோடு கடல் கடந்து சென்றதற்கு அதுவே சான்று. மாலுமி, சுக்கான், நங்கூரம் என நாம் நாளும் வழங்கும் சொற்களும் அரபு, பாரசீக மொழிகளிலிருந்து கடல்வழி வந்து தமிழில் கரையேறியவை.

இங்குள்ள பள்ளிவாசலில் நிழற்கடிகாரம் ஒன்று உள்ளது. கதிரவனின் நிழலைக் கொண்டு தொழுகை நேரம் அறிந்த மக்கள் இவர்கள். வானை நோக்கிப் பொழுதறிதல் இவ்வூரில் பள்ளிவாசலுக்கும் படகுத்துறைக்கும் பொதுவான கல்வியாக இருந்தது எனலாம்.

பாடு என்னும் நெறி

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மீனவர் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை வழிவழியாக வழங்கி வருகிறது. உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும் 'பாடு' என்னும் சொல் இங்கே வலை கட்டும் இடத்தையும் முறையையும் குறிக்கிறது. கிடைத்த மீனை 'மீன்பாடு' என்பதும் உண்டு.

கழியில் வளர்ந்த இறால், நீர் வடியும்போது முகத்துவாரத்தின் வழியே கடலை நோக்கிச் செல்லும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் வலை கட்டுவோர்க்கு வரவு மிகுதி. வலுத்தவனே அவ்விடத்தைக் கைக்கொள்வான் எனில் எளியவன் வீட்டில் அடுப்பெரியாது. எனவே குலுக்கல் முறையில் இடங்கள் பகிரப்பட்டு, சுழற்சி முறையில் மாறுகின்றன. இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை அதைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இம்முறைக்கு வெளியே நிற்போரும் உளர். கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கும் இந்நீரே வாழ்வு. பங்கு குறித்த பூசல்கள் எழுந்ததும் உண்டு. எனினும் நீர் ஒருவர்க்கே உரியதன்று, அதில் இறங்க முறை உண்டு என்னும் எண்ணம் போற்றத்தக்கது.

நீர் அறிந்தோர் கூற்று

கழியின் பெரும்பகுதி ஆழமற்றது. இடுப்பளவு நீர்தானே என்று புதியவர் துணிவதற்கு அதுவே காரணம். ஆனால் முகத்துவாரத்தின் இயல்பு வேறு. பரந்த கழியின் நீர் முழுவதும் அக்குறுகிய வாயில் வழியே கடலுக்குச் செல்வதும் கடல்நீர் உட்புகுவதுமாக இருத்தலால் அங்கே நீரோட்டம் கடுமையாகும். மணல்திட்டுகள் இடம் மாறும். காலையில் அமைதியாகக் கிடந்த நீர், பிற்பகலில் கடற்காற்று வலுத்ததும் அலையெழுப்பும். வாடை, கொண்டல், தென்றல், கோடை எனக் காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டது நம் மொழி. நாம் அவற்றைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். மீனவர் உயிருக்காகப் படிக்கின்றனர்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பத்தினர் சென்ற படகு இங்கே கவிழ்ந்தது. 22 பேர் உயிரிழந்தனர். அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்ததும், உயிர்காப்பு மேலங்கி இல்லாததும் அன்று பேசப்பட்ட காரணங்கள். மகிழ்ச்சிக்கென்றே குறித்த ஒரு நாள் ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை விழுங்கியது. அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடையால் வருவாய் இழந்த எளிய படகோட்டிகளின் துயரும் உண்மையே. ஆனால் ஒருவருடைய ஒரு நாள் கூலியையும் மற்றொருவருடைய உயிரையும் ஒரே தராசில் நிறுத்தல் இயலாது. உரிய உரிமம், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு, ஒவ்வொருவர்க்கும் மேலங்கி, வானிலை எச்சரிக்கைக்குக் கட்டுப்படுதல் ஆகிய நான்கும் உறுதிப்பட்டால் இருவர் நலனும் காக்கப்படும்.

விருந்தினர் கடமை

கப்பல்கள் கடலில் செல்வதையும், கடலிலிருந்து மனிதன் உணவும் அணியும் பெறுவதையும் இறைவனின் அருட்கொடைகளாகத் திருக்குர்ஆன் 'அந்நஹ்ல்' அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. அருட்கொடைக்கு நன்றி செலுத்துதல் நாவோடு முடிவதன்று. அதனை வரம்பறிந்து பயன்படுத்தலும் நன்றியே.

மாணவர்கள் பழவேற்காட்டுக்குச் செல்லலாம், செல்ல வேண்டும். பூநாரைகளைக் கரையிலிருந்தே காணலாம். டச்சுக் கல்லறைகளில் செதுக்கிய எழுத்துகளைப் பார்க்கலாம். முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளை உரிய விலை கொடுத்து வாங்கலாம். வலை உலர்த்தும் பெரியவரிடம் அமர்ந்து காற்றின் பெயர்களைக் கேட்டறியலாம். அவர் "இன்று நீர் சரியில்லை, தம்பி" என்று சொன்னால், பேரம் பேசாது கரையிலேயே நின்றுவிடலாம்.

நீர்மேல் கழியும் நாளே இனிய நாள் என்பதன்று. சென்ற அனைவரும் மாலையில் வீடு திரும்பும் நாளே இனிய நாள். பாடறிந்தவர் சொல்லுக்குச் செவிசாய்ப்போர்க்கே ஓய்வு உரியது.