தினமும் நாலு வரி எழுதினால் இங்கிலீஷ் பயம் ஓடிவிடும்!

பத்து வருடம் இங்கிலீஷ் படிக்கிறார்கள். பரீட்சையில் தேறியும் விடுகிறார்கள். ஆனால், "நேற்று என்ன செய்தாய்? இங்கிலீஷில் நாலு வரி எழுது" என்றால் பேனா நகர மறுக்கிறது.

நம் ஊர் உயர்நிலைப்பள்ளி மாணவ – மாணவிகள் பலருடைய நிலைமை இதுதான்.

காரணம் என்ன? அறிவு இல்லையா? அப்படிச் சொல்லவே கூடாது. நோட்சில் இருக்கும் கட்டுரையை மனப்பாடம் செய்கிறார்கள். அது வேறு யாரோ எழுதியது. சொந்தமாக ஒரு வரி எழுத அவர்களுக்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. படித்ததைப் பற்றியும் பார்த்ததைப் பற்றியும் தினமும் நாலு வரி எழுத வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு நோட்டு. அதுதான் டைரி!

203-ம் நம்பர் அறை

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் லாங் பீச் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள உட்ரோ வில்சன் உயர்நிலைப்பள்ளியில் 1994-ம் ஆண்டு எரின் குருவெல் என்ற இளம் பெண் இங்கிலீஷ் ஆசிரியையாக வேலை பார்த்தார்.

அவருக்குக் கிடைத்தது, "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று மற்றவர்கள் கைகழுவிய வகுப்பு. அதில் பல இனத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு இனத்தாருக்கும் இன்னொரு இனத்தாருக்கும் ஆகாது. தெருவிலே துப்பாக்கிச் சண்டை!

ஒரு நாள் ஒரு கறுப்பின மாணவனின் உதட்டைக் கேலி செய்து வரைந்த படம் வகுப்பில் கைமாறியது. ஆசிரியை அதை வாங்கிப் பார்த்தார். யூதர்களை ஹிட்லரின் ஆட்கள் இப்படித்தான் கேலிப்படம் போட்டார்கள், முடிவில் படுகொலை செய்தார்கள் என்று சொன்னார்.

மாணவர்கள் விழித்தார்கள். அந்தப் படுகொலை பற்றி அநேகமாக யாருக்கும் தெரியவில்லை. "உங்களில் யாரை நோக்கியாவது துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்களா?" என்று ஆசிரியை கேட்டார். ஏறக்குறைய எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

ஆசிரியை அவர்களுக்கு ஆன் பிராங்க் எழுதிய டைரியைப் படிக்கக் கொடுத்தார். ஆன் பிராங்க் ஒரு யூதச் சிறுமி. 1942-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி, 13-வது பிறந்த நாளன்று அவளுக்கு டைரி பரிசாகக் கிடைத்தது. ஹிட்லர் படைக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாம் நகரில் 2 வருடம் ஒளிந்திருந்தபோது அதில் எழுதினாள். 1945-ல் சிறை முகாமில் இறந்துபோனாள். 1947-ல் அவளுடைய தந்தை அந்த டைரியைப் புத்தகமாக்கினார்.

"இவளும் நம்மைப்போல் பயந்து வாழ்ந்தவள்தானே!" என்ற எண்ணம் மாணவர்களுக்கு உண்டாயிற்று. பிறகு அவர்களும் டைரி எழுதினார்கள். வீட்டுக் கஷ்டம், தெருச் சண்டை, செத்துப்போன நண்பன்... மனதில் இருந்ததெல்லாம் நோட்டில் இறங்கியது.

1998-ல் அந்த 150 பேரும் பள்ளிப்படிப்பை முடித்தார்கள்! அவர்கள் எழுதியவை 1999-ல் புத்தகமாக வெளிவந்தன. 2007-ல் சினிமாவாகவும் வந்தது.

நம்மவர் எழுதிய டைரி

டைரி எழுதுவது வெள்ளைக்காரர் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக இருந்தவர் ஆனந்தரங்கம் பிள்ளை. அவர் 1736-ம் ஆண்டு டைரி எழுதத் தொடங்கினார். 1761-ல் இறக்கும் காலம் வரை எழுதினார்.

கப்பல் வந்தது, சரக்கு விற்றது, ஊரில் பேசிக்கொண்டது எல்லாவற்றையும் அந்தக் காலப் பேச்சுத் தமிழில் எழுதி வைத்தார். அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் இன்று சரித்திர ஆசிரியர்கள் அதைத்தான் தேடிப் படிக்கிறார்கள். பின்னால் அது இங்கிலீஷில் 12 பாகங்களாக வெளிவந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகம்

எழுதுவதற்கு முன்னால் படிக்க வேண்டும். அதற்குப் புத்தகம் வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அந்தக் குறை இல்லை. அங்கே 1875-ம் ஆண்டு தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. திருநெல்வேலி ஜில்லா கலெக்டராக இருந்த பென்னிங்டன் துரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் அதுவும் ஒன்று.

கனமான புத்தகத்தை எடுத்து மலைக்க வேண்டாம். சின்னக் கதைப்புத்தகம் போதும். தினம் 2 பக்கம் படிக்கலாம். "இதில் வருகிறவர்களில் யாரைப் பிடித்தது? அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்று நாலு வரி எழுதலாம்.

எழுத என்ன இருக்கிறது?

"எங்கள் ஊரில் எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. என்ன இல்லை?

ராஜபாளையத்தில் நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு விடியற்காலையில் அப்பா வீடு திரும்புகிறார். பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வாசனை தெருவுக்கே வருகிறது. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடுகிறது. செண்பகத்தோப்பு காட்டில் சாம்பல் நிற மலை அணில் மரத்துக்கு மரம் தாவுகிறது.

இவை எந்த நோட்சிலும் இல்லை. அந்தப் பிள்ளை ஒருவன்தான் எழுத முடியும். வார்த்தை தெரியாத இடத்தில் தமிழிலேயே எழுதிவிட்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சிவப்பு மை வேண்டாம்!

ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைரியில் தப்பு கண்டுபிடித்துச் சிவப்பு மையால் அடித்தால், மறுநாள் பிள்ளை எழுதமாட்டான்.

பல நாடுகளில் ஆசிரியர்கள் வேறு முறையைக் கையாளுகிறார்கள். பையன் எழுதியதன் கீழே கடிதம்போல் பதில் எழுதுகிறார்கள். "யெஸ்டர்டே ஐ கோ டு தி டெம்பிள்" என்று பையன் எழுதினால், "யு வென்ட் டு தி டெம்பிள்? ஹூ வென்ட் வித் யு?" என்று கேட்கிறார்கள். சரியான வார்த்தை தானாகவே கண்ணில் படுகிறது.

"60 பிள்ளைகள் இருக்கிறார்களே, பாடம் நடத்துவதா, டைரி பார்ப்பதா?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஒரு நாளைக்கு 10 நோட்டு பார்த்தால் போதும். 6 நாளில் எல்லோரையும் பார்த்துவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையின் டைரியைப் பிடுங்கிப் படிக்காதீர்கள். ஆசிரியரும் அதை வகுப்பில் உரக்கப் படிக்கக்கூடாது. லாங் பீச் மாணவர்களின் புத்தகத்தில்கூட யார் எதை எழுதினார்கள் என்று போடவில்லை. வெறும் நம்பர்தான்!

"காலையில் நான் சாப்பிடவில்லை" என்று ஒரு சிறுமி எழுதலாம். "படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகச் சொல்கிறார்கள்" என்று ஒரு பையன் எழுதலாம். மார்க் ஷீட்டில் அது தெரியாது. டைரியில் தெரியும். தெரிந்தால்தானே ஆசிரியர் உதவ முடியும்?

ஒரு நோட்டை எடுங்கள். மேலே தேதி போடுங்கள். தப்போ, சரியோ, நாலு வரி எழுதுங்கள். அந்த நாலு வரியும் உங்கள் சொந்தச் சொத்து!