பழைய மின்கிட்டார்: பளபளப்பாக்கினால் பாதி விலை

லண்டனில் இருக்கும் என் மச்சான் ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். "1964ஆம் ஆண்டுச் செய்கை, பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்று கைக்கு வந்திருக்கு. சொந்தக்காரர் 9,500 பவுண் கேட்கிறார். சந்தையில இதைவிடக் கூடப் போகும். நீங்க பாதி போடுங்க, நான் பாதி போடுறேன். ரெண்டு மூணு வருஷம் வச்சிருந்து விற்போம்" என்றார். 500 பவுண் முற்பணம் கொடுத்துவிட்டுத்தான் அவர் பேசுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் என் வாப்பா பேருவளையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்தவர். ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் அவர் முதலில் விலை கேட்கமாட்டார். "இதுக்கு என்ன செஞ்சிருக்கு?" என்றுதான் கேட்பார். சூடாக்கிய கல்லும் கல்தான். ஆனால் சூடு காணாத கல்லின் விலை வேறு. அதே கேள்வியை நான் மச்சானிடம் கேட்டேன். அவரிடம் பதில் இருக்கவில்லை. அன்று முதல் நான் தேடி அறிந்தவற்றை, பழைய பொருட்களில் பணம் போட நினைக்கும் வாசகர்களுக்காக இங்கே தருகிறேன்.

ஏன் இந்த விலை?

லியோ பெண்டர் என்ற வானொலி திருத்துநர், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள புல்லர்டன் நகரில் தமது தொழிற்சாலையை நடத்தி வந்தார். அங்கிருந்து 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. 1965 ஜனவரியில் அவரது கம்பனி 13 மில்லியன் டொலருக்கு சீ.பீ.எஸ். நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் பின்னர் தரம் குறைந்தது என்ற எண்ணம் வாசிப்போரிடையே பரவியது. ஆகவே "சீ.பீ.எஸ்ஸுக்கு முந்தியது" என்பது இன்று தனியொரு விலை வகுப்பாகவே இருக்கிறது. மச்சான் 1964 என்ற ஆண்டைக் கேட்டதும் பரபரத்ததற்கு இதுவே காரணம்.

மற்றைய பெரிய பெயர் கிப்சன். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1958 முதல் 1960 வரை இந்தக் கம்பனி செய்த "லெஸ் போல் ஸ்டாண்டர்ட்" கிட்டார், ஓரத்தில் சிவப்பும் நடுவில் மஞ்சளுமாக நிறம் பூசப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 1,500தான் செய்யப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அன்று 300 டொலருக்கும் குறைந்த விலைக்குக்கூட அது சரியாக விற்கவில்லை. கம்பனி 1961இல் வடிவத்தையே மாற்றிவிட்டது. 1966இல் ஜோன் மயோலின் இசைத்தட்டு ஒன்றில் எரிக் கிளப்டன் அந்தக் கைவிடப்பட்ட கிட்டாரை வாசித்தார். கேட்டவர்கள் எல்லோரும் அதைத் தேடத் தொடங்கினார்கள். 1968இல் கம்பனி லெஸ் போல் கிட்டாரை மீண்டும் செய்யத் தொடங்கியது. ஆனால் வாங்குவோர் அந்த மூன்று வருடச் செய்கையையே கேட்டார்கள். இன்று அசல் ஒன்று பல இலட்சம் டொலருக்குக் கைமாறுகிறது.

பிரபலங்களின் கையில் இருந்த கிட்டார்களின் கணக்கு வேறு. பிங்க் புளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர், 2019 ஜூனில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அந்தக் கிட்டாரில் கழுத்து முதல் உள்ளுறுப்புகள் வரை பல தடவை மாற்றப்பட்டவை. அங்கே மனிதருக்குத்தான் விலை. சாதாரண சேகரிப்பாளர் வாங்கும் கிட்டாருக்கு அந்தச் சலுகை கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்தே அதன் விலை தீர்மானமாகிறது.

இலக்கத்தை மட்டும் நம்பலாமா?

புதிதாக வாங்குபவர் முதலில் பார்ப்பது தொடர் இலக்கத்தை. என் மச்சானும் அதைத்தான் படமெடுத்து அனுப்பியிருந்தார். பெண்டர் கிட்டாரில் அந்த இலக்கம், கழுத்தையும் உடலையும் பிணைக்கும் உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் வேறொரு கிட்டாருக்கு மாற்றலாம். தவிர, தொழிற்சாலையில் தகடுகளைப் பெட்டியிலிருந்து வரிசை பார்க்காமலே எடுத்துப் பூட்டினார்கள். எனவே இலக்கம் காட்டுவது உத்தேசமான காலத்தை மட்டுமே.

கிப்சன் 1950களின் பிற்பகுதியில் தலைப்பகுதியின் பின்புறம் மையால் இலக்கம் பதித்தது. முதல் எண் ஆண்டைக் குறிக்கும். 9 என்றால் 1959. ஆனால் 1960களில் ஒரே இலக்கம் வெவ்வேறு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. கிப்சனின் பழைய பிக்கப்களின் அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது" என்ற சிறு லேபல் ஒட்டப்பட்டிருக்கும். 1957 முதல் ஏறத்தாழ 1962 வரை வந்த அந்தப் பிக்கப் சோடிக்கு மட்டுமே பல ஆயிரம் டொலர் கிடைக்கும். இதனால் கிட்டாரிலிருந்து அதைக் கழற்றித் தனியே விற்றவர்களும் உண்டு, போலி லேபல் அச்சடித்து ஒட்டியவர்களும் உண்டு.

கழற்றினால் வெளிவரும் சாட்சிகள்

அசலை அறிய ஒரு அடையாளம் போதாது. பல அடையாளங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். முறையாகப் பார்ப்பவர் கிட்டாரைக் கழற்றித்தான் பார்ப்பார்.

முதலில் கழுத்தின் அடிப்பகுதி. பெண்டர் தொழிலாளர்கள் அங்கே பென்சிலால் திகதி எழுதினார்கள். 1962 முதல் மாதம், ஆண்டு, அகலத்தைக் குறிக்கும் எழுத்து ஆகியன முத்திரையாகக் குத்தப்பட்டன.

இரண்டாவது, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அடியிலுள்ள மின்பாகம். அதில் 304-6412 என்பது போன்ற எண் இருக்கும். 304 என்பது ஸ்டக்போல் என்ற உற்பத்தியாளரின் குறியீடு. 64 ஆண்டு, 12 வாரம். இதை விளங்கிக்கொள்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாகம் கிட்டாரைவிடப் பழையதாக இருக்கலாம், ஏனெனில் தொழிற்சாலையில் பழைய கையிருப்பு கிடந்திருக்கும். பாகம் கிட்டாரைவிடப் புதியதாக இருந்தால், பின்னர் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றே பொருள். கம்பிகளில் ஈயம் பற்றவைத்த இடங்களையும் பார்க்க வேண்டும். பழைய ஈயம் மங்கியிருக்கும், கைபட்ட இடம் வேறுபட்டுத் தெரியும்.

மூன்றாவது, ஆணித் துளைகள். பூச்சு அடிக்கும்போதும் உலரவிடும்போதும் கிட்டாரின் முகம் எதிலும் படாதிருக்க, பெண்டர் தொழிற்சாலையில் உடலில் சிறு ஆணிகளை அறைந்து வைத்தார்கள். பூச்சு காய்ந்த பின்னரே அவற்றைப் பிடுங்கினார்கள். ஆகவே 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய அசல் உடலில், அந்தத் துளைகளுக்குள் வெறும் மரம் தெரிய வேண்டும். உள்ளே பூச்சு இறங்கியிருந்தால், அது இரண்டாம் தடவை பூசப்பட்ட கிட்டார்.

பூச்சில்தான் பணம்

அப்படிப் பூசினால் என்ன நட்டம் என்று கேட்கலாம். சத்தம் பெரிதாக மாறாது, பார்வைக்கும் அழகாக இருக்கும். ஆனால் மறுபூச்சு கண்ட கிட்டாருக்கு அசலின் பாதி விலைதான் என்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. வீட்டிலுள்ள பழைய கிட்டாரைப் புதிதுபோல் ஆக்கி விற்போம் என்று நினைத்துப் பாதிப் பெறுமதியைத் தம் கையாலேயே அழித்தவர்கள் ஏராளம்.

அக்காலத்து நைட்ரோசெலுலோஸ் பூச்சு மெல்லியது. ஆண்டுகள் செல்ல மஞ்சளித்து, மயிரிழை போல வெடிக்கும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் பிடித்தால், பழைய பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பின்னர் தொட்டுப் பூசிய இடம் வேறு நிறமாகத் தனித்து நிற்கும். வெடிப்பை மட்டும் நம்புவது ஆபத்து, ஏனெனில் குளிரூட்டி வெடிப்பை உண்டாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெண்டர் கம்பனியே 1995 முதல் தேய்ந்த தோற்றத்தில் புதிய கிட்டார்களைச் செய்து விற்கிறது. கம்பனி அதை மறைக்கவில்லை. மூன்று நான்கு கை மாறும்போதுதான் உண்மை மறைக்கப்படுகிறது. கிப்சனிலும் அப்படித்தான். 1950களின் பொன்னிற லெஸ் போலைச் சுரண்டி, 1959ஆம் ஆண்டுக்குரிய நிறத்தில் மாற்றிப் பூசியவை பல இருக்கின்றன. மாற்றியது என்று சொல்லி விற்பது வியாபாரம், சொல்லாமல் விற்பது மோசடி.

மரத்தின் ரேகை

திருட்டுப் பொருளா என்பதும் முக்கியமான கேள்வி. கனடா இசைக்கலைஞர் ராண்டி பக்மனின் 1957ஆம் ஆண்டு கிரெட்ஷ் கிட்டார், 1976இல் டொரொண்டோ ஹோட்டலொன்றில் திருட்டுப்போனது. 2020இல் ரசிகர் ஒருவர் பழைய படங்களில் தெரிந்த மரக்கணு ஒன்றைக் கொண்டு இணையத்தில் தேடி, அது ஜப்பானிய இசைக்கலைஞர் ஒருவரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். 2022 ஜூலை முதலாம் திகதி டோக்கியோவில் அது உரியவரிடம் திரும்பியது. இலக்கத்தை மாற்றலாம், மரத்தின் ரேகையை மாற்ற முடியாது. பழைய புகைப்படம் ஒன்று கையிலிருந்தால் அது பற்றுச்சீட்டை விடப் பலமான சாட்சி.

வாங்க நினைப்போருக்கு

முதலாவது, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கிட்டார் திருத்துநர் ஒருவரைக் கொண்டு கழற்றிப் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, எந்த ஆண்டு, எவை அசல், எவை மாற்றப்பட்டவை என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, 1960களின் நடுப்பகுதி வரையான பல கிட்டார்களின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வூட் மரத்தாலானது. 1992 முதல் அந்த மரத்துக்குச் சர்வதேச வர்த்தகத்தில் மிகக் கடுமையான தடை இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாடு கடத்தி விற்க முனைந்தால் சுங்கத்தில் பறிபோகலாம்.

நான்காவது, அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள். கடைக்காரர் தாம் விற்கும் விலைக்கு உங்களிடம் வாங்கமாட்டார். ஏலத்தில் தரகுப் பணம் போகும். ஏறிக்கொண்டே போன விலைகள் 2008 நிதி நெருக்கடியோடு சரிந்ததையும் மறக்க வேண்டாம்.

மச்சானின் கதை என்னவாயிற்று? நான் வற்புறுத்தியதால் அவர் திருத்துநர் ஒருவரை அழைத்துச் சென்றார். தகட்டிலும் கழுத்திலும் 1964 சரியாகவே இருந்தது. மின்பாகங்களில் 66 என்ற எண் இருந்தது. ஆணித் துளைகளுக்குள் பூச்சு இருந்தது. சொந்தக்காரரும் அதை இருபது வருடத்துக்கு முன் அப்படியே வாங்கியவராம், அவரை நாங்கள் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. மறுபூச்சு விலைக்குத் தருவாரா என்று கேட்டோம், மறுத்துவிட்டார். முற்பணத்துக்கு நிபந்தனை எதுவும் எழுதப்படாததால் 500 பவுணும் போனது. மிச்சம் 9,000 பவுண் தப்பியது.

மாணவர் காலத்தில் வாங்கிய ஜப்பானியத் தயாரிப்பான டொக்காய் கிட்டார் ஒன்று மச்சானின் வீட்டில் இருக்கிறது. அந்தக் காலத்து ஜப்பானியப் பிரதிகளையும் இப்போது தேடி வாங்குகிறார்கள். அவர் அதைப் புதுப் பூச்சுக்குக் கொடுக்க நாள் குறித்திருந்தார். இப்போது அது கீறலோடு அப்படியே பெட்டிக்குள் இருக்கிறது.