விழுந்தவர் எழும்பி நடந்த பிறகு

1998 பெப்ரவரி 20, டாக்காவில் ஒரு கழக கிரிக்கெட் ஆட்டம். தலைக்கவசமில்லாமல் துடுப்பாட்டக்காரருக்கு மிக அருகில் நின்ற இந்திய வீரர் ராமன் லம்பாவின் தலையில் பந்து பட்டது. அவர் நடந்தே ஓய்வறைக்குப் போனார். நிலைமை மோசமானது அதன் பிறகுதான். மூன்று நாள் கழித்து இறந்தார், வயது 38.

நடந்தே போனார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் தென்னையிலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்தவர் எழும்பி நடந்துவிட்டால் "ஒண்டுமில்ல" என்று பிளேன்டீ கொடுத்துப் படுக்கவிடுகிறோம்.

மண்டையோடு விரியாது. மூளை, குருதி, மூளையைச் சுற்றிய திரவம் மூன்றுக்கும் உள்ளே அளந்த இடம்தான். ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டும். இதன் அடிப்படையை எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் மன்றோ 1783இலேயே சொன்னார். காதுக்கு மேலுள்ள எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஓடும் நாடி கிழிந்து இரத்தம் தேங்கினால், முதலில் திரவமும் நாளக் குருதியும் விலகி இடம்விடும். அதுவரை ஆள் கதைப்பார், சிரிப்பார். விலக இடமில்லாதபோது இன்னும் சில மில்லிலீற்றர் சேர்ந்தாலே அழுத்தம் எகிறும். வளர்ந்தவருக்கு 7 முதல் 15 மி.மீ. இரசம் இயல்பு, தலைக்காயத்தில் 22ஐத் தாண்டினால் குறைக்கச் சிகிச்சை தேவை.

வீட்டில் தெரிவது என்ன? தலையிடி கூடிக்கொண்டே போகும். திரும்பத் திரும்பச் சத்தி. கேட்டதையே மறுபடி கேட்பார், பேச்சுக் குழறும். ஒரு கண்மணி மட்டும் பெரிதாகி ரோர்ச் வெளிச்சத்துக்கும் சுருங்காமல் நிற்பதும், பிரசர் ஏற நாடி மெதுவாகி மூச்சு ஒழுங்கு தப்புவதும் பிந்திய அறிகுறிகள். பின்னதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கியவர் ஹார்வி குஷிங். இந்தப் பிந்திய அறிகுறிகள் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருப்பது மடத்தனம்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது சாராய வாடை. குடித்தவர் விழுந்தால் தள்ளாட்டமும் சத்தியும் வெறியின் கணக்கில் போய்விடும். குறட்டை கேட்டால் 'நல்ல நித்திரை' என்கிறோம். தட்டியெழுப்பிப் பாருங்கள், கண் திறந்து பெயரைச் சொல்லாவிட்டால் அது நித்திரையல்ல.

அடிபடாமலும் அழுத்தம் ஏறலாம். விடியலில் கடுமையாகி, இருமினால், குனிந்தால் கூடும் தலையிடி, இரட்டையாய்த் தெரியும் பார்வை, அழாதபோதும் புடைத்து நிற்கும் கைக்குழந்தையின் உச்சிக்குழி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

2014இல் வாவிக்கு மேலான மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதைப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சுவசெரிய இலவச அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். விழுந்த நேரம், முதல் சத்தி எடுத்த நேரம், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவரா என்பவற்றைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.