செத்த பிறகு வரைந்த படமா? 1 கோடியே 70 லட்சம் டாலர் மோசடியைக் காட்டிக் கொடுத்தது பெயிண்ட்!

1956-ல் கார் விபத்தில் செத்துப் போனவர், அதற்குப் பிறகு வந்த பெயிண்டை எடுத்துப் படம் வரைய முடியுமா? இந்த ஒரு கேள்வியில்தான் அமெரிக்காவையே கலக்கிய ஓவிய மோசடியின் குட்டு உடைந்தது.

நியூயார்க்கில் நோட்லர் என்று ஒரு ஓவிய விற்பனைக் கூடம் இருந்தது. 1846-ல் ஆரம்பித்த பழம்பெரும் கடை. லண்டன் நிதி நிறுவன அதிபர் ஒருவர் 2007-ல் அங்கே ஒரு படம் வாங்கினார். பிரபல ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1950-ல் வரைந்தது என்றார்கள். விலை 1 கோடியே 70 லட்சம் டாலர்!

பொல்லாக் படத்தில் ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. துணியைத் தரையில் விரித்து, பெயிண்டைச் சொட்டியும் வீசியும் போடுவது அவர் பாணி.

2011-ல் அதிபர் படத்தை விற்கப் போனார். இரண்டு பெரிய ஏலக் கம்பெனிகளும் கையை விரித்து விட்டன. படம் இதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதற்குச் சரியான அத்தாட்சி இல்லை. சந்தேகம் தட்டியது. படம் பரிசோதனைக்குப் போனது.

கடுகை விடச் சின்னத் துணுக்கு

இந்தச் சோதனைக்குக் கடுகை விடச் சின்ன பெயிண்ட் துணுக்கே போதும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். சிதறி வரும் ஒளி ஒவ்வொரு வர்ணப் பொடிக்கும் ஒவ்வொரு தினுசாக இருக்கும். மனிதனுக்குக் கைரேகை மாதிரி!

எந்தப் பொடி எந்த வருஷம் விற்பனைக்கு வந்தது என்பதற்குக் கம்பெனி ரிக்கார்டு உண்டு. 1935-ல் வந்த தாலோ நீலம், 1925-ல் வரைந்ததாகச் சொல்லும் படத்தில் இருந்தால் அது டூப்ளிகேட்!

இங்கேயும் அதே கதைதான். பொல்லாக் இறந்த பிறகு வந்த இரண்டு பெயிண்டுகள் படத்தில் இருந்தன. அறிக்கை கொடுத்த மறுநாளே, 2011 நவம்பர் 30-ந் தேதி, நோட்லர் மூடப்பட்டது. "இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை" என்றது நிர்வாகம்.

டீ பூசிய தில்லுமுல்லு

படங்களைக் கொண்டு வந்து விற்றவர் கிளாபிரா ரோசேல்ஸ் என்ற பெண். வரைந்தவர் நியூயார்க்கில் குடியிருந்த சீன ஓவியர். துணியில் டீயைப் பூசியும், சூட்டிலும் குளிரிலும் வைத்தும் படத்தைப் பழசாக்கியது கும்பல். 15 வருஷத்தில் 60-க்கும் மேற்பட்ட படங்கள், 8 கோடி டாலருக்கு மேல் விற்பனை! 2013-ல் அந்தப் பெண் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டார்.

பெயிண்ட் பொருந்தி விட்டால் மட்டும் படம் அசல் ஆகி விடாது. பழைய பெயிண்டைத் தேடிப் பிடித்தும் வரையலாம். ஆனால் வருஷம் பொருந்தவில்லை என்றால் தப்பவே முடியாது.

சோதனை நடத்திய கூடத்தையே 2016-ல் சோத்பீஸ் ஏலக் கம்பெனி விலைக்கு வாங்கி விட்டது!