பண்டமும் பயனும் – 14: பசவனகுடிக் கடலை

சென்ற இதழில் பீக்கன் கொட்டையின் குணங்களை விஸ்தாரமாகப் பார்த்தோம். அதை விலை கொடுத்து வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு, ஏறக்குறைய அதே வகைப் போஷாக்கைக் கைக்கெட்டிய விலையில் தரும் நிலக்கடலையைப் பற்றி எழுதப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

கன்னடப் பஞ்சாங்கப்படி கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையன்று, அவ்வூரை நிறுவிய கெம்பெ கௌடர் 1537-ல் கட்டுவித்ததாகச் சொல்லப்படும் பசவனகுடிப் பெரிய நந்தி ஆலயத்தைச் சுற்றிக் கடலேக்காய் பரிஷெ என்னும் கடலைச் சந்தை கூடும்போது, கோலார், மாகடி பக்கங்களிலிருந்தும் நம் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையிலிருந்தும் வந்தவர்கள் வீதியோரமெல்லாம் சாக்கை விரித்துக் கடலையைக் குவித்து அளந்து போடுவார்கள். மாவள்ளி, சுங்கேனஹள்ளி முதலிய பழைய கிராமங்களின் கடலைப் பயிரை மேய்ந்து அழித்த எருதைச் சாந்தப்படுத்த, முதல் விளைச்சலை நந்திக்குச் சமர்ப்பிக்கத் தொடங்கினார்கள் என்பது ஐதிகம். தென் அமெரிக்காவில் தோன்றிக் கப்பலேறி வந்த பயிரொன்று இங்கே நைவேத்தியமாகும் அளவுக்கு நம் மண்ணோடு ஒன்றிப்போனதை நினைக்குந்தோறும் எனக்கு ஆனந்தம் உண்டாகிறது.

வாங்குகிறவர், குவியலின் மேற்பரப்பைக் கண்டு திருப்தியடையாமல், அடிவரையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததானால் பருப்பு கலகலக்கும். சத்தமே எழாதது ஈரக்காய், அதை அன்றே உப்புப் போட்டு அவித்துத் தின்றுவிடலாமேயன்றிச் சேமிக்கலாகாது. பிறகு ஒன்றிரண்டை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் பழுப்பேறியிருப்பது முற்றியதன் அடையாளம்; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, பருப்பின்மேல் மஞ்சளும் பச்சையுமாகப் படியும் பூஞ்சைத் தூளைக் கண்டுதான். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கில் இத்தகைய பூஞ்சை உண்டாக்கிய விஷம் அகப்பட்டது. அஃப்லடாக்சின் என்று பெயர் பெற்ற அது மனிதரின் ஈரலையும் கெடுக்க வல்லது, வறுத்தாலும் முற்றிலும் அழியாது. ஆகவே வாயில் கசந்த பருப்பை, நாலு பேர் எதிரில் துப்பக் கூசி விழுங்கிவிடும் நம் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சேமிப்பதற்கு இயற்கை கொடுத்த ஓட்டைவிடச் சிறந்த பாத்திரமில்லை. வெயிலில் காயவைத்து, ஆறிய பின் சாக்கில் கட்டி, தரையின் ஈரம் ஏறாமல் பலகைமேல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. உரித்த பருப்போ காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சமாக உரித்து, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைப்பதே உசிதம்.

நூறு கிராம் பருப்பில் புரதம் சுமார் 25 கிராம். எடையில் பாதிக்குச் சற்றே குறைவு எண்ணெய், அதில் பெரும்பகுதி இருதயத்துக்கு அனுகூலமான வகை. எண்ணெய்ப்பண்டமாதலால் நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி போதும், அதுவும் பஜ்ஜி, போண்டாவுக்குப் பதிலாகவேயன்றி அவற்றோடு கூட அல்ல. தின்றவுடன் தடிப்போ மூச்சுத்திணறலோ காண்கிறவர்கள் அதைத் தொடவே கூடாது. உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.