சேற்று எரிமலைக்குச் சைக்கிளில்

இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான பேரன் தீவில் மக்களும் இல்லை, சாலையும் இல்லை. ஆதலால் வடக்கு அந்தமானின் சியாம் நகர்ச் சேற்று எரிமலைகளைக் காணச் சைக்கிளில் செல்லத் தீர்மானித்தோம்.

தரைவழி ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தை ஊடறுக்கிறது. அங்கே வாகனங்கள் காவலுடன் அணியாகவே செல்லலாம். சைக்கிள் மிதிக்க இயலாது. பயணநாள் கூடினாலும் கப்பலேறி ஏரியல் பே துறையில் இறங்கினோம்.

திக்லிப்பூரைக் கடந்ததும் நெல்வயல்கள், பாக்குத் தோப்புகள், வங்கத்திலிருந்து வந்து குடியேறியோரின் சிற்றூர்கள். தொலைவில் 732 மீட்டர் உயரச் சேடில் சிகரம். பாதை முடிவில் சாம்பல்நிறச் சேறு மெல்லக் குமிழியிட்டது. தீக்குழம்பு அன்று, நிலத்தடி வாயு மேலே தள்ளும் குளிர்ந்த சேறு.

சுற்றிச் சென்றதில் நாள் கூடியது உண்மைதான். ஆயினும் பிறர் வாழிடத்தை வேடிக்கைக் காட்சியாக்காமல் வந்தடைந்தோம் என்ற நிறைவு எங்களுக்கு உண்டு.